சுகர்ஸ் நோயாளிக்கு முதல் மாத்திரை: வார்டில் நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வார்டுக்கு வரும் புது டாக்டர்கள் கெட்டிக்காரர்கள். ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள், அளவைச் சரிபாருங்கள் என்றெல்லாம் அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போன வாரம் ஒரு இன்டர்ன், ஹெராயின் பழக்கத்துக்குத் தரும் ப்யூப்ரனார்ஃபின் மாத்திரையோடு கட்டிலை நோக்கி நடந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய் நிறுத்தினேன். 9 வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறைச் செய்யப் போனார்.

காய்ச்சல் வியர்வையைக் கணக்கில் சேர்ப்பது

சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த பையன், வயது 26. தொடையில் சீழ்க்கட்டி. கூட வந்த பாட்டி, "இவனுக்கு சுகர்ஸ் பழக்கம், டாக்டர்" என்று மெதுவாகச் சொன்னார். (வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்கவும்: இங்கே சுகர்ஸ் என்றால் சர்க்கரை நோய் இல்லை, கலப்படம் செய்த ஹெராயின்.) ஆரம்பத்தில் புகைத்தவன், பிறகு ஊசிக்கு மாறியிருந்தான்.

போதை நின்றதும் உடம்பு படும் பாடுதான் விலகல்; அதன் அறிகுறிகளை அளக்கும் கௌஸ் (COWS) அட்டவணையில் 11 கேள்விகள். நாடித் துடிப்பு 124, நெற்றியில் வியர்வை, உடம்பு வலி, படபடப்பு. கூட்டினால் 14 வந்தது. 12 தாண்டிவிட்டதே, சரி, தொடங்கலாம் என்று 4 மில்லிகிராம் நாக்குக்கு அடியில் வைத்தேன்.

நாற்பது நிமிடத்தில் வாந்தி. கையெல்லாம் மயிர் சிலிர்த்து நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்.

நான் கூட்டிய 14-இல் பெரும்பகுதி சீழ்க்கட்டியின் காய்ச்சல். அவன் கடைசியாக ஊசி போட்டு 6 மணி நேரம்கூட ஆகவில்லை. "காலையில்" என்று அவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. ப்யூப்ரனார்ஃபின் ஹெராயினைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஹெராயின் செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் செய்யும். உடம்பில் ஹெராயின் இருக்கும்போதே கொடுத்தால் விலகல் வேதனை மொத்தமாக ஒரே நேரத்தில் வந்து இறங்கும்.

அப்புறம் இரண்டாவது தவறையும் செய்தேன்: பயந்துபோய் மருந்தை நிறுத்தினேன். அந்த நேரத்தில் பெரும்பாலும் செய்ய வேண்டியது இன்னும் ப்யூப்ரனார்ஃபின் கொடுப்பதுதான்.

"நல்லாத்தானே இருந்தான் டாக்டர், அந்த மாத்திரை வெச்ச பிறகுதானே இப்படி ஆச்சு?" என்று பாட்டி கேட்டார். அது உண்மை. இரவோடு இரவாக ட்ரிப்பைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டான். இரண்டு வாரம் கழித்து வந்தபோது சீழ் எலும்பு வரை இறங்கியிருந்தது. அந்த மாத்திரையைத் திரும்ப வாயில் வைக்க மாட்டேன் என்றான். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே, மொத்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கண்மணி விரிந்திருக்கிறதா? கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்சிலிர்ப்பு உண்டா? காய்ச்சல் கண்மணியை அப்படி விரிக்காது. ஹெராயின் என்றால் குறைந்தது 12 மணி நேரம் போகட்டும். மெதடோன் (ஹெராயினுக்குப் பதிலாகத் தரும் இன்னொரு மருந்து) எடுத்தவருக்கு இன்னும் அதிகம். வலிக்கு மார்ஃபின் ஓடுகிறது, காத்திருக்க முடியாது என்றால் 0.5 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் தொடங்கி, மார்ஃபினை நிறுத்தாமலே நாளுக்கு நாள் கூட்டலாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர டாக்டர்கள் 2016-இல் எழுதிய வழி அது.

மாத்திரையை விழுங்க விடுவது

ப்யூப்ரனார்ஃபினை விழுங்கினால் வீண். நாக்குக்கு அடியில் கரையும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

மெதடோனில் அவசரம்

முதல் வேளை 30 மில்லிகிராமைத் தாண்டாதீர்கள். அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். மூச்சு மந்தமாகும் ஆபத்து மூன்றாம், நான்காம் நாளில் வரும்.

டிபி மருந்தை மறப்பது

நம் நாட்டில் இது தினசரி விஷயம். ரிஃபாம்பிசின் தொடங்கி ஒரு வாரம் போல ஆனதும் மெதடோன் ரத்தத்தில் சரியும். நோயாளி "போதவில்லை" என்பார். "போதைக்கு அலைகிறான்" என்று கோப்பில் எழுதிவிடுகிறோம். அவர் சொல்வது ரசாயனப்படி சரி. பழைய எச்ஐவி மருந்தான எஃபாவிரென்ஸும் இதையே செய்யும்.

சுத்தப்படுத்தி அனுப்புவது

மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, பூஜ்யமாக்கி, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள். தாங்கும் சக்தி போயிருக்கும். பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நிற்கும். ப்யூப்ரனார்ஃபின், மெதடோன் இரண்டும் 2005-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசியப் பட்டியலில் ஏறிவிட்டன. ஆனாலும் இங்கே அரசுச் செலவில் தொடர்ந்து தரும் இடங்கள் குறைவு. அதனால் அடுத்த வேளை மருந்து எங்கே என்பதை முதல் நாளே தேடத் தொடங்குங்கள். நோயாளி கேட்கும்படி வார்டிலிருந்தே போன் போட்டு, தேதியும் நேரமும் வாங்கி, பாட்டி கையில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.