முதல் டர்ட் பைக்: சிசியை விட்டுவிட்டு சீட்டைப் பாருங்கள்

பிள்ளை டர்ட் பைக் (மண் பாதையில், மேடுபள்ளத்தில் ஓட்டும் வண்டி) கேட்டதும் வீட்டில் முதலில் பேசப்படுவது சிசிதான், அதாவது எஞ்சினின் அளவு. அது அப்புறம். முதலில் பூட்ஸ் போட்டு வண்டியில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் நன்றாகப் பதிந்தால் சரி. ஒரு பக்கம் சாய்ந்தால்தான் கால் எட்டுகிறது என்றால் மேடுபள்ளத்தில் நிறுத்தும்போதெல்லாம் வண்டி சரியும், நாலு முறை விழுந்த பிள்ளை ஐந்தாவது முறை ஏறவே யோசிக்கும். "அடுத்த வருஷம் வளர்ந்துடுவான்" என்று பெரிதாக வாங்க இது பள்ளிச் சீருடை இல்லை.

அடுத்து எஞ்சின். 125 சிசி என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஹோண்டா சிஆர்எஃப்125எஃப், யமஹா டிடி-ஆர்125 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் சீராக இழுக்கும். யமஹா ஒய்இசட்125-உம் அதே 125 தான், ஆனால் பந்தயத்துக்குச் செய்த டூ ஸ்ட்ரோக். த்ராட்டிலைத் திருகினால் கொஞ்ச நேரம் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று பாயும். கற்றுக்கொள்பவருக்கு அது வேண்டவே வேண்டாம். செல்ஃப் ஸ்டார்ட் இருந்தால் நல்லது, சரிவில் எஞ்சின் அணைந்தால் அதன் அருமை தெரியும்.

பணம் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். ஹெல்மெட், பூட்ஸ், காகிள்ஸ், முட்டிக் கவசம் எல்லாம் அதே நாளில் வாங்க வேண்டியவை.

பழைய வண்டியா? நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், ஆறிய எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஏர் ஃபில்டரைக் கழற்றி அதன் பின்னால் விரலை விட்டுத் தடவுங்கள், மண் நறநறத்தால் எஞ்சினுக்குள்ளும் மண் போயிருக்கலாம், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.