முளைக்குரக்கன் மாவும் குழந்தைக் கஞ்சியும்

ஆறு மாதம் முடிந்து பிள்ளைக்குச் சாப்பாடு தொடங்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் பிழை, கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சுவது. விக்கிவிடுமோ என்ற பயம்தான் காரணம். பிள்ளையின் வயிறோ மிகச் சிறியது. அதைத் தண்ணீரால் நிரப்பினால் பிள்ளை நன்றாக நித்திரை கொள்ளும், ஆனால் கிளினிக்கில் நிறை ஏறாது. கரண்டியைச் சரித்தால் கஞ்சி ஓடக் கூடாது, ஒட்டியிருந்து மெல்ல வழுகி விழ வேண்டும்.

தடிப்பான கஞ்சியைச் சில பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். அதற்குக் கைகொடுப்பது முளைக்குரக்கன் மா. தானியம் முளைக்கும்போது அமிலேஸ் என்ற நொதியம் பெருகி மாப்பொருளை உடைக்கிறது. அந்த மாவில் ஒரு தேக்கரண்டி போட்டால், தண்ணீர் கூட்டாமலே கஞ்சி இளகிவிடும்.

அரைக் கிலோ குரக்கனைச் சுளகில் புடைத்து, நாலைந்து தண்ணீரில் அரித்துக் கழுவுங்கள். குரக்கனில் மண் இருக்கும். பல் முளைக்காத பிள்ளை நறுநறுக்கிறது என்று சொல்லாது, நீங்கள்தான் கடித்துப் பார்க்க வேண்டும். 12 மணித்தியாலம் ஊறவிட்டு, இடையில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். பிறகு வடித்து, கொதிநீரில் அவித்தெடுத்த வெள்ளைச் சீலையில் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். சீலை காய்ந்தால் கொதித்தாறிய நீரைத் தெளியுங்கள். வன்னி வெக்கைக்கு ஒரு நாளில் முளை தெரியும். 36 மணித்தியாலத்துக்கு மேல் விட வேண்டாம். புளித்த மணம், வழுவழுப்பு, சாம்பல் நிறப் பூஞ்சணம் இதில் எது வந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள், கோழிக்கும் போடாதீர்கள். குரக்கன் இல்லையென்று இறுங்கு என்ற தானியத்தை முளைக்கவைக்கவும் வேண்டாம், அதன் முளையில் நச்சு இருக்கிறது.

முளைத்ததை மெல்லியதாகப் பரப்பி, மேலே நெட் போட்டு, கடித்தால் நொறுங்கும் வரை வெயிலில் காயவிடுங்கள். இரண்டு நாள் நல்ல வெயில் போதும். கையால் கசக்கினால் வேர் உதிரும், புடைத்தெடுங்கள். பலர் இதை வாசத்துக்காக வறுப்பார்கள். வறுத்தால் நொதியம் செயலிழந்துவிடும், பிறகு அது வெறும் குரக்கன் மாதான். கார்த்திகை, மார்கழி மழைக்குள் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். அரைகுறையாகக் காய்ந்த மாவில் பூஞ்சணம் பிடிக்கும்.

கொஞ்சம் என்றால் வீட்டு மிக்ஸி போதும். மில்லுக்குக் கொண்டுபோனால், மிளகாய்த்தூள் அரைத்த கையோடு போட விடாதீர்கள். யாராவது அரிசிமா அரைத்த பிறகு போடச் சொல்லுங்கள், முதலில் விழும் இரண்டு பிடியையும் ஒதுக்கிவிடுங்கள். அரிதட்டில் அரித்து, ஈரமில்லாத போத்தலில் அடைத்து, ஒரு மாதத்துக்குள் முடியுங்கள்.

கஞ்சிக்கான மா வேறு. சிவப்பரிசி மூன்று பங்கு, கோது நீக்கிய பயறு ஒரு பங்கு. இவற்றைத் தனித்தனியே வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். இந்த மாவில் நாலு மேசைக்கரண்டியை 200 மில்லிலீற்றர் ஆறிய நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் துழாவுங்கள். களி போல் இறுகும். அடுப்பால் இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் முளைமாவில் ஒரு தேக்கரண்டி தூவிக் கிளறுங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் பலன் இல்லை. ஐந்து நிமிடத்தில் களி இளகிக் கரண்டியில் வழுகத் தொடங்கும். உடனே திரும்ப அடுப்பில் வைத்து இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். முளைமா பச்சை மா, அதில் கிருமி இருக்கலாம், ஆகவே இந்த இரண்டாம் கொதி தவறக் கூடாது. கடைசியில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கள்.

முதல் நாட்களில் இரண்டு மூன்று தேக்கரண்டியாக, நாளுக்கு இரண்டு தரம் போதும். எட்டு மாதமளவில் ஒரு வேளைக்கு அரைக் கோப்பை வரை ஏறலாம். தாய்ப்பால் நிறுத்தக் கூடாது.

கஞ்சி மட்டும் இரும்புச்சத்துக்குக் காணாது. குளத்து விராலை அவித்து, சதையை விரலுக்கிடையில் நசுக்கி நசுக்கி முள் பார்த்து, ஒரு மேசைக்கரண்டி மசித்துச் சேருங்கள். அவித்த கோழி ஈரலும் நல்லது. இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டால் தானியத்தின் இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். பிளேன்ரீ அதைக் கெடுக்கும், ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். கச்சானை வறுத்துத் தோல் நீக்கி விழுதாக அரைத்துச் சேர்க்கலாம், முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும். எந்தப் புதுச் சாப்பாட்டையும் தனியாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் தடிப்பு, சத்தி வருகிறதா என்று பாருங்கள். தடிப்போடு மூச்சும் இழுத்தால் வீட்டில் வைத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு வயது வரை உப்பும் சீனியும் வேண்டாம். காட்டுத்தேன் நாக்கில் தடவுவதும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் கிருமியின் வித்திகள் சாதாரணக் கொதிப்பில் சாகாது.

பிள்ளை தின்று மிஞ்சியதைத் திரும்பச் சூடாக்கிக் கொடுக்காதீர்கள். தொடாமல் மூடிவைத்ததென்றாலும் இரண்டு மணித்தியாலம்தான் கணக்கு.