கருக்கலைப்பு மாத்திரை: எங்கே தவறுகிறோம்?

முதல் தவறு மாத்திரையைக் கையில் எடுக்கும் முன்பே நடந்துவிடுகிறது. "ஆறு வாரம்தானே ஆச்சு" என்று உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மருத்துவக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்கும். அப்படி எண்ணினால் அந்த ஆறு, ஏறக்குறைய எட்டு. வீட்டிலேயே மாத்திரை எடுத்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 12 வாரம். 10 வாரத்தோடு நிறுத்தும் நாடுகளும் உண்டு. இரண்டு வாரம் பிசகினால் எல்லாமே மாறிவிடும்.

அதைவிட எனக்குப் பயம் தருவது கருக்குழாயில் தங்கிய கர்ப்பம். இந்த மாத்திரைகள் அதைக் கலைக்காது. ஆனாலும் ரத்தம் படும், "முடிந்தது" என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல் வந்தால் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பு கருக்குழாயில் கர்ப்பம் தங்கியிருந்தாலோ, காப்பர்-டி போட்டிருந்தாலோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிட்டாலோ, நெடுநாளாக ஸ்டீராய்டு எடுத்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, முதல் மாத்திரையோடு நின்றுவிடுவது. அந்த முதல் மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோன், கர்ப்பத்தைத் தாங்கும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தடுக்கிறது, அவ்வளவே. பலருக்கு அன்று ஒன்றும் தெரியாது. கருப்பையைச் சுருங்கவைத்து வெளியேற்றுவது, வழக்கமாக 24 முதல் 48 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது மருந்தான மிசோப்ரோஸ்டால். அதன்பின் வலியும் கட்டிகட்டியாக ரத்தமும் வருவது இயல்பு. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை. ஒவ்வாமையோ அல்சரோ இல்லாதவர்கள் இபுப்ரோஃபென் எடுக்கலாம், அது மருந்தின் வேலையைக் கெடுக்காது.

எது அளவுக்கு மீறிய ரத்தம்? மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் உடனே கிளம்புங்கள். மிசோப்ரோஸ்டால் எடுத்த அன்று குளிரும் லேசான காய்ச்சலும் வரலாம். ஒரு நாள் கழிந்தும் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், துர்நாற்றத்தோடு கசிந்தால், காத்திருக்காதீர்கள்.

இரண்டாம் வாரமே கர்ப்பப் பரிசோதனை செய்து, இரண்டு கோடு பார்த்துக் கலங்குவார்கள். அந்தச் சோதனையில் தெரியும் கர்ப்ப ஹார்மோன் உடலிலிருந்து வடிய நாளாகும். சாதாரணச் சிறுநீர்ச் சோதனைக்கு நான்கு வாரமாவது பொறுங்கள். ஆனால் கருமுட்டை அவ்வளவு பொறுக்காது, எட்டு நாளிலேயே வெளிவரலாம். கருத்தடையை உடனே தொடங்குங்கள்.

ஒரு துண்டுக் காகிதத்தில் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை நாப்கின் என்று குறித்துவையுங்கள். அவசரத்தில் போகும்போது அதை மருத்துவரிடம் கொடுத்தால் போதும், வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும்.