வானுக்குள் சாப்பாடு, கந்தோருக்குள் பெரியம்மா

ரொறன்ரோவில் என் கார் டிக்கிக்குள் மாரி முழுக்க ஒரு பெட்டி கிடக்கும். கிரனோலா பார், கச்சான், தண்ணீர்ப் போத்தல், கம்பளி, தகரப் பேணிக்குள் ஒரு மெழுகுதிரி. பனிப்புயலில் நெடுஞ்சாலையில் மாட்டுப்பட்டால் தேவைப்படும் என்பார்கள். எனக்கு இதுவரை ஒருநாளும் தேவைப்படவில்லை. பழக்கதோசம், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வாடகை வானில் ஏறியதும் முதல் வேலையாக நீர்கொழும்பில் நிறுத்தி அதேமாதிரி ஒரு பெட்டி கட்டினேன்.

"அண்ணை, யாழ்ப்பாணம் ஏழு மணித்தியாலம். வழியெல்லாம் கடை" என்று சிரித்தார் சாரதித் தம்பி.

பகலில் அவர் சொன்னது சரி. புத்தளம், அநுராதபுரம், வவுனியா எங்கும் பசியோடு இருக்க விடமாட்டார்கள். ஆனால் விமானம் பிந்தி, இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஓமந்தையைத் தாண்டினால் கதை வேறு. ஏ9 வீதியில் மாங்குளம் வரை இருட்டும் காடும்தான். அந்த நேரத்தில் ரயர் வெடித்தால் விடியும்வரை குந்தியிருக்க வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்களுக்கு வெள்ளமும் சேரும். அதனால் வானுக்குள் சாப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. எதை வைப்பது, எங்கே வைப்பது என்பதில்தான் நான் பிழைவிட்டேன்.

எங்கள் பெட்டி குளிரைக் கணக்குப் பார்த்துக் கட்டினது. மறை இருபதில் எல்லாம் கல்லாகும், பழுதாகாது. இங்கே 35 பாகை வெயிலில் கண்ணாடி பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் ஒரு மணித்தியாலத்தில் 50ஐத் தாண்டிவிடும். என் சொக்கிலேற் பார்கள் முதல் நாளே கடதாசிக்குள் குழம்பாகிவிட்டன. சித்தி கட்டித்தந்த புட்டும் தேங்காய்ச் சம்பலும் மத்தியானமே புளித்து, வானுக்குள் மூன்று நாள் மணத்தது. தேங்காய்ப்பூ சேர்ந்த எதையும் காலையில் கட்டினால் காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். ரின் மீனையும் வாரக்கணக்கில் டிக்கிக்குள் வேகவிட வேண்டாம். இன்சுலின் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னும் கவனம்: பாவனையில் உள்ளது 30 பாகைக்கு மேல் போகக்கூடாது. சீனி பார்க்கும் ஸ்ற்றிப்பும் சூடு தாங்காது.

அந்த வெயிலைத் தாங்குகிற சாப்பாட்டை எங்கள் கிழவிகள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பினாட்டு (காயவைத்த பனம்பழக் களி), பனங்கட்டி (பனைவெல்லம்), பொரிவிளாங்காய். புழுக்கொடியல் ஈரம் படாவிட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். பல்லுக்குத்தான் உத்தரவாதம் இல்லை. இவற்றோடு கிரீம் கிராக்கர் பெட்டி ஒன்று, முறிகண்டியில் வாங்கும் கச்சான். அங்கே எப்படியும் வாகனம் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்தச் சாரதியும் தாண்டமாட்டார். எல்லாவற்றையும் மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். எறும்புக்கு வாடகை வான், சொந்த வான் என்ற பேதம் இல்லை. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர். கதிர்காமம் போகிற எண்ணம் இருந்தால், புத்தல பக்கத்து வீதியில் சாப்பாடு வெளியே தெரியக்கூடாது. அங்கே யானைகள் வாகனத்தை மறித்து யன்னலுக்குள் தும்பிக்கையை விடும். பழம் கொடுத்துப் பழக்கியது நாங்கள்தான்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

லண்டனில் இருக்கும் அண்ணன் நான் புறப்படும்போதே சொன்னான்: "போறதுதானே, அந்தக் காணி உறுதி அலுவலையும் முடிச்சுக்கொண்டு வா." உரும்பிராய்க் காணியில் எங்கள் பங்கைப் பிரித்தெழுதப் பெரியம்மாவின் கையெழுத்து வேண்டும், நேரில். பெரியம்மாவுக்கு 78 வயது, சீனி வருத்தம் (நீரிழிவு). கந்தோரின் பெயரைச் சொல்லமாட்டேன். எல்லாக் கந்தோரும் அப்படித்தான் என்றும் சொல்லமாட்டேன். சனி, ஞாயிறு பூட்டு, திங்கள் போயா விடுமுறை, செவ்வாய் இரவு எனக்கு விமானம். இருந்தது அந்த ஒரு நாள்.

காலை ஏழரைக்குப் பெரியம்மா குளிசையைப் போட்டு, இரண்டு இடியப்பம் சாப்பிட்டார். வெளிக்கிடும்போது பேப்பரில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். பனங்கட்டி. "வானுக்குள்ளை எல்லாம் இருக்குப் பெரியம்மா" என்று மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

எட்டரைக்குப் போய் இருந்தோம். ஒன்பதரைக்கு ஒரு படிவம் தந்தார்கள். பத்தேகாலுக்கு அது பழைய படிவம் என்றார்கள். பதினொன்றுக்கு அம்மாவின் மரணச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் உள்ள ஓர் எழுத்து, உறுதியில் வேறுமாதிரி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கையெழுத்து வைக்கவேண்டியவர் வெளிவேலையாகப் போயிருந்தார். எப்போது வருவார்? "வருவார்." முத்திரை வாங்க ஒருமுறை, பிரதியெடுக்க ஒருமுறை நான் ஓடினேன். பெரியம்மா வாங்கில் கைப்பையை மடியில் வைத்தபடி, பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். என் குரல் உயர்ந்தது. "வரிசையிலை நில்லுங்கோ" என்று பியோன் அதட்டினார். கனடாவில் இப்படி நடக்குமா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முழு வரிசையும் என்னைத் திரும்பிப் பார்த்தது, பெரியம்மா மட்டும் பார்க்கவில்லை.

ஒரு மணிபோல அவர் நெற்றியெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது. வெக்கை என்றுதான் நினைத்தேன். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "மோனை, கொப்பர் சைக்கிளை எங்கை விட்டவர்?"

அப்பா இறந்து பதினொரு வருடம். அப்போதுதான் விளங்கியது: காலையில் குளிசை போட்டவர், மத்தியானம் சாப்பிடவில்லை, இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது.

வெளியே ஓடினேன். வான் இல்லை. நிழல் தேடித் தம்பி எங்கோ கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். என் உள்ளூர் சிம்மில் காசு முடிந்திருந்தது. என் தோள்பையில் இருந்ததெல்லாம் உருகிய சொக்கிலேற் ஒன்று. அதுவும் அந்த நேரத்துக்கு உதவாத சாமான்: அதில் உள்ள கொழுப்பு, சீனி இரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். வேண்டியது 15 கிராம் வெறும் சீனி. மூன்று தேக்கரண்டி, அல்லது அரைக் கிளாஸ் இனிப்புச் சோடா, அல்லது பனங்கட்டித் துண்டு ஒன்று. பதினைந்து நிமிடம் பார்த்து, தெளியாவிட்டால் திரும்பவும். தெளிந்த பிறகுதான் பிஸ்கட்டோ சோறோ. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டோட வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும், கனடாவில் வகுப்புக்குப் போய்ப் படித்தவன். சீனிதான் கையில் இல்லை.

காலையில் என்னை அதட்டிய அதே பியோன்தான் பிளேன் ரீ கொண்டுவந்தார். கேட்காமலே சீனியை அள்ளிப் போட்டிருந்தார். "என்ரை அம்மாவுக்கும் இப்பிடித்தான் வரும்" என்றார். இருபது நிமிடத்தில் பெரியம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, "கையெழுத்து வைச்சாச்சோ?" என்று கேட்டார்.

ஆகவே ஐயா, அம்மா, பெட்டி வானுக்குள் இருக்கட்டும். சீனிப் பொட்டலம், குளுக்கோஸ் பைக்கற் எதுவானாலும் சட்டைப்பையில் இருக்கட்டும், வயது போனவரின் கைப்பையிலும் ஒன்று. அவசரம் காட்டுக்குள்தான் வரும் என்று நினைத்துவிட்டேன். அது பட்டணத்து நடுவில், காற்றாடிக்குக் கீழே, வாங்கில் வந்தது. சாரதியிடம் வானை எங்கே விடுவார் என்று இறங்கும்போதே கேளுங்கள், சிம்முக்குக் காசு போடுங்கள்.

திரும்பி வரும்போது அந்தச் சைக்கிள் கேள்வியைப் பெரியம்மாவிடம் நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30, போருக்குள் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு. அப்பாவின் சைக்கிள் கரியரில் ஓர் உரப்பை. அதற்குள் பெரியம்மா கட்டிவைத்த புழுக்கொடியலும் பினாட்டும். சனம் அடி அடியாக நகர்ந்தது. விடியும்வரை எனக்குப் பினாட்டைக் கிள்ளிக் கிள்ளித் தந்துகொண்டு வந்தவர் பெரியம்மா. எனக்குப் பதினாலு வயது. மூன்று வருடத்தில் நான் கனடாவில். அவர் சாவகச்சேரியில் இருந்து திரும்பி, அதே வீட்டில், கடைசிவரை அம்மாவையும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றேமுக்காலுக்கு அந்த அதிகாரி வந்தார். எழுத்துப் பிழைக்குச் சத்தியக்கடதாசி வேண்டும் என்றார். செவ்வாய் இரவு நான் விமானம் ஏறினேன்.

அண்ணன் ஆவணியில் போகிறான். உறுதியின் பிரதிகளை அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். பெரியம்மாவின் குளிசை நேரங்களையும் எழுதி அனுப்பினேன். முதலாவதற்கு உடனே பதில் வந்தது.