கலர் சார்ட்டர் போர்டின் ஃபிளாஷைப் பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் நெல் வந்து குவியும் நாட்களில், தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலையில் கலர் சார்ட்டர் நின்றுவிட்டால் அரவையே தேங்கிவிடும். கறுப்பரிசியைக் கேமராவில் கண்டு காற்றடித்துத் தள்ளும் அந்த இயந்திரங்கள் பலவற்றில் முடிவெடுப்பது, உள்சுற்றை வேண்டியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லு; மின்சாரம் வந்தவுடன் அது தன் அமைப்பை (இமேஜ்) அருகிலுள்ள எஸ்.பி.ஐ. ஃபிளாஷ் என்ற நினைவகச் சில்லிலிருந்து படித்துக்கொள்கிறது. புதிய இமேஜை ஏற்றும்போது ஜெனரேட்டருக்கு மாற்றும் நொடியில் எழுதுவது பாதியில் அறுந்துபோனாலும் போர்டு எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே, முகவரி 0-இல் கோல்டன் இமேஜ் எனப்படும் மாறாத காப்பு இமேஜ் ஒன்றை வைத்து, அந்தப் பகுதியை எழுதவோ அழிக்கவோ முடியாதபடி பூட்டுகிறோம்.

பூட்டே இல்லாத போர்டுகளைவிட, பூட்டியதாக நம்பப்பட்ட போர்டுகளே பழுதாகி என் மேசைக்கு அதிகம் வந்திருக்கின்றன. அவற்றில் நான் மிகுதியாகக் கண்டது அளவுப் பிழை. எஃப்.பி.ஜி.ஏ.க்களில் ஆர்டிக்ஸ்-7 வரிசையின் 35டி சில்லுக்குச் சுருக்கப்படாத இமேஜ் 1,75,36,096 பிட், அதாவது 21,92,012 பைட். இதை "ஏறத்தாழ 2 எம்பி" என்று கருதி, 16 எம்பி கொள்ளும் விண்பாண்டு நிறுவனத்தின் டபிள்யூ25க்யூ128 ஃபிளாஷில் 2 எம்பியைப் பூட்டினால், 20,97,152 பைட்டோடு பூட்டு முடிந்து, இமேஜின் கடைசி 94,860 பைட் திறந்தே கிடக்கும். இந்த ஃபிளாஷின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் என்ற நிலைப் பதிவேட்டில் உள்ள பிபி பிட்டுகளே பூட்டும் அளவைக் குறிக்கின்றன; அந்த அளவு 256 கேபியில் தொடங்கி இரட்டிப்பாகவே வளர்கிறது. 2 எம்பிக்கு அடுத்தது 4 எம்பிதான். ஆகவே 4 எம்பியைப் பூட்டி, புதுப்பிப்பு இமேஜை அதற்கு அப்பால் தொடங்க வேண்டும். பூட்டு எந்த முனையிலிருந்து என்பதைச் சொல்லும் டிபி பிட்டை 1 ஆக்க மறந்தாலோ, பூட்டு ஃபிளாஷின் மேல் முனையில் விழுந்து, கீழேயுள்ள கோல்டன் இமேஜ் காவலின்றி நிற்கும்.

ஃபிளாஷின் டபிள்யூபி (எழுத்துத் தடுப்பு) என்ற காலைத் தரையோடு இணைத்துவிட்டதால் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை எவரும் மாற்ற முடியாது என்று நினைப்பது அடுத்த தவறு. அதே ரெஜிஸ்டரின் எஸ்ஆர்பி0 பிட் 1 ஆக இல்லாவிட்டால் அந்தக் காலுக்கு வேலையே இல்லை. அதைவிட முக்கியமாக, நான்கு கம்பி வாசிப்புக்காக க்யூஇ பிட்டை இட்டவுடன் அதே கால் தரவுக் காலாக மாறிவிடுவதால், வன்பொருள் பூட்டு இல்லாமலே போய்விடுகிறது. தொடங்கும் வேகம் ஆலைக்காரருக்கு ஒரு பொருட்டே அல்ல என்பதால், நான் ஒற்றைக் கம்பி வாசிப்பையே பரிந்துரைப்பேன்.

பழைய ஃபிளாஷ் சில்லு கிடைக்காதபோது வேறு நிறுவனத்தின் சில்லைப் பற்றவைத்து, ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் அதே மதிப்பை எழுதுவதும் ஆபத்தானது. விண்பாண்டில் கீழ் 4 எம்பியைப் பூட்டும் ஹெக்ஸ் 34, மேக்ரோனிக்ஸில் அதே பொருளைத் தராது. அங்கே 6-ஆம் பிட் க்யூஇ; 34-ஐ எழுதினால் அது 0 ஆகிவிடுவதால், நான்கு கம்பி வாசிப்பு அணைந்து போர்டு எழாமலே போகலாம். 9எஃப் கட்டளையில் அடையாளத்தைப் படித்து, இஎஃப் வந்தால் விண்பாண்டு, சி2 வந்தால் மேக்ரோனிக்ஸ் என்று உறுதிசெய்த பிறகே எழுத வேண்டும்.

பூட்டிய உடனே சோதித்து நிறைவடைவதும் போதாது. எழுத அனுமதி தரும் 06 கட்டளைக்குப் பதிலாக, தற்காலிக அனுமதி மட்டும் தரும் 50 கட்டளையைக் கொடுத்து எழுதிய பூட்டு அப்போதைக்கு முறையாகவே வேலைசெய்து, மின்சாரம் போனதும் மறைந்துவிடும். பூட்டிய இடத்தில் அழிக்கச் சொன்னால் இச்சில்லு பிழை எதையும் தெரிவிக்காது, கட்டளையைப் பேசாமல் விட்டுவிடும்; ஆதலால் திரும்பப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு சான்றில்லை. இமேஜின் நகலைக் கணினியில் வைத்துக்கொண்டு, ஆலைக்கு அனுப்பும் முன் மேசையிலேயே போர்டை அணைத்து ஏற்றி, இமேஜின் வால் விழும் 4 கேபி செக்டரை 20 கட்டளையால் அழிக்க முயல வேண்டும். அது அழியாமல் இருக்க வேண்டும், 4 எம்பிக்கு அடுத்த முதல் செக்டரோ தடையின்றி அழிய வேண்டும்.