வலது இருக்கையில் உட்காரப் போகிறவர்களுக்கு

லைசென்ஸ் வாங்கி, ஏ320 விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சியும் முடித்து, வலது இருக்கையில் துணை விமானியாக முதன்முதலாகப் பயணிகளோடு பறக்கப் போகும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் தரையிறக்கத்தைப் பற்றித்தான். குறுக்குக் காற்றில் மூக்கை எப்போது நேராக்குவது, மெத்தென்று எப்படி இறக்குவது என்று. அது பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். கேப்டனாகவும் பயிற்சியாளராகவும் நான் முதலில் சொல்லிக்கொடுக்க விரும்புவது வேறு. எதுவரை போகலாம், எந்த இடத்தில் திரும்பிவிட வேண்டும் என்பதைக் கதவு சாத்துவதற்கு முன்பே எண்ணாக எழுதி வையுங்கள். அந்த எண் வந்ததும் வாய் திறங்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போகும் ஒரு பயணத்தை வைத்தே சொல்கிறேன். 2024 முதல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்றாலும் எங்கள் பேச்சில் அது இன்னும் போர்ட் பிளேர்தான்.

முந்தைய நாளிலிருந்தே வேலை தொடங்கிவிடுகிறது. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மதுவைத் தொடக் கூடாது. ரிப்போர்ட் செய்ததும் மூச்சுச் சோதனை உண்டு. அதில் முதல் முறை மாட்டினாலே லைசென்ஸ் 3 மாதம் முடங்கும். குடிப்பழக்கம் இல்லாதவர்களும் கவனிக்க வேண்டும்: ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் இருமல் மருந்தும் கருவியில் காட்டிக்கொடுக்கும். உடம்பு சரியில்லை, தூக்கம் போதவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லி விலகிக்கொள்ளுங்கள். சைனஸ் அடைத்துக்கொண்டு பறந்தால் கீழே இறங்கும்போது காதும் நெற்றியும் படும் பாட்டில் எதையும் யோசிக்க முடியாது.

அப்புறம் பிரீஃபிங். வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு), விமானத்தில் நிலுவையில் இருக்கும் பழுதுகள், எரிபொருள் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து பார்ப்போம். இதில் எரிபொருள் கணக்குக்கு நான் அதிக நேரம் கொடுப்பேன்.

போர்ட் பிளேர் ஓடுபாதையின் வடகிழக்குப் பக்கம் குன்று இருக்கிறது. அதனால் தென்மேற்கிலிருந்து வந்து 04-இல் (ஓடுபாதையை வடகிழக்கு நோக்கிப் பயன்படுத்தும்போது அதன் எண்) இறங்கி, வந்த திசையை நோக்கியே 22-இல் (அதே ஓடுபாதை, எதிர்த்திசையில்) கிளம்ப வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்று முதுகுப்புறமிருந்து வீசும், ஓடுபாதையும் நனைந்திருக்கும். பின்காற்று 10 நாட்டை (நாட் என்பது விமான வேக அளவு) தாண்டினால் இறங்க முடியாது. சுற்றிலும் கடல், பக்கத்தில் ஒதுங்க வேறு ஊர் இல்லை. இறங்க முடியாமல் போனால் பல நேரம் சென்னைக்கே திரும்ப வேண்டியதுதான்.

இனி கணக்கு. ஏ320 மணிக்கு ஏறத்தாழ 2,400 கிலோ எரிக்கும் என்று வையுங்கள். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 5,000 கிலோ. டாக்ஸிக்கு, அதாவது தரையில் ஊர்ந்து செல்வதற்கு, 200. எதிர்பாராத செலவுக்குப் பயண எரிபொருளில் 5 சதவீதம், அதாவது 250. இறங்க முடியாவிட்டால் சென்னை திரும்ப இன்னொரு 5,000. கடைசியாக, எந்தக் காரணத்துக்காகவும் தொடுவதாகத் திட்டமிடக் கூடாத 30 நிமிட இருப்பு 1,200. கூட்டினால் 11,650. பயணத் திட்டம் போட்டுத் தரும் டிஸ்பாட்ச் பிரிவு கொடுக்கும் எண் குறைந்தபட்சம் மட்டுமே. அதைக் கூட்டிக் கேட்கும் உரிமை கேப்டனுக்கு உண்டு. தீவின் மேல் மழை மேகம் நிற்கிறது என்றால் நான் 1,200 சேர்த்து 12,850 கேட்பேன். கூடுதலாக ஏற்றினால் அதைச் சுமப்பதற்கே மணிக்கு 3-4 சதவீதம் எரியும் என்பதால் கண்மூடித்தனமாக ஏற்றவும் கூடாது. காரணத்தைச் சொல்ல முடிகிற அளவுக்கு ஏற்றுங்கள்.

இப்போது பேனாவை எடுத்து, பயணத் திட்டத் தாளின் ஓரத்தில் 6,200 என்று எழுதி வட்டமிடுங்கள். சென்னை திரும்ப 5,000, கடைசி இருப்பு 1,200. தீவின் மேல் வந்து சேரும்போது கையில் 7,650 இருந்தால் வட்டத்துக்கு மேலே இருப்பது 1,450 கிலோ. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் சுற்றிக்கொண்டு காத்திருக்கலாம். 6,200 வந்ததும் கிளம்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் மேகம் விலகுவது போலத்தான் தெரியும். இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போமே என்று கேப்டனுக்கும் தோன்றும், உங்களுக்கும் தோன்றும். அவசரமில்லாத நேரத்தில், ஏசி அறையில் நிதானமாகப் போட்ட எண் அது. அதை நம்புங்கள்.

விமானத்தைச் சுற்றிப் பார்க்கும்போது கைபேசியைப் பையில் வைத்துவிடுங்கள். வேகத்தை அளக்க உதவும் பிட்டாட் குழாய்களின் உறை கழற்றப்பட்டிருக்கிறதா, அதற்குள் பூச்சி அடைத்திருக்கிறதா, லேண்டிங் கியரின் (சக்கரத் தொகுதியின்) பூட்டுப் பின்கள் எடுக்கப்பட்டிருக்கின்றனவா, டயரில் வெட்டு உண்டா, இன்ஜின் விசிறி இதழில் நசுங்கல் தெரிகிறதா என்று பாருங்கள். பிரேக் தேய்மானத்தைக் காட்டும் சிறு கம்பியைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டிருக்கும்போது அது விளிம்புக்குச் சமமாக வந்துவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இரவானால் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

ஒரு பயணத்தில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். எந்தப் பயணத்தை யார் ஓட்டினாலும் டேக்-ஆஃபின்போது இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரில் கேப்டனின் கை இருக்கும். நிறுத்துவதா தொடர்வதா என்பது அவர் முடிவு. 100 நாட்டுக்குள் சின்னக் கோளாறுக்கும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் தீ, இன்ஜின் செயலிழப்பு போன்ற பெரிய விஷயத்துக்கு மட்டும். வி1 (நிறுத்த முடிவெடுக்கக்கூடிய கடைசி வேகம்) என்று குரல் வந்ததும் கேப்டன் கையை எடுத்துவிடுவார். அதன் பிறகு மேலே ஏறுவதுதான் ஒரே வழி. 10,000 அடி வரை வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு வேண்டாம்.

வங்கக் கடலுக்கு மேல் கொஞ்சம் ஓய்வு போலத் தெரியும். அரை மணிக்கு ஒரு முறை எரிபொருளைத் திட்டத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். இடிமேகம் ரேடாரில் தெரிந்தால் காற்று வரும் பக்கமாக 20 மைல் தள்ளிப் போகக் கேளுங்கள். நெருங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை. பயணிகளிடம் பேசும்போது சுருக்கமாக, உண்மையைச் சொல்லுங்கள்.

இறங்கும்போது பார்க்க வேண்டியது இது: 1,000 அடியில் கியர் கீழே, ஃப்ளாப் முழுதாக, வேகம் இலக்கை ஒட்டி, இறங்கும் வீதம் நிமிடத்துக்கு 1,000 அடிக்குள். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மீண்டும் மேலே ஏறிவிட வேண்டும். 2010 மே 22 அன்று மங்களூர் விமான விபத்தில் 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். விமானம் மிக உயரத்திலிருந்து வேகமாக இறங்கி, சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது. வலது இருக்கையில் இருந்தவர் மூன்று முறை கோ-அரவுண்ட் சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்தப் பக்கங்களை எப்போது படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. அவர் சரியாகவே சொன்னார்.

அதனால் இதை இப்போதே பழகுங்கள். "ஸ்பீட்" என்று தவறைச் சொல்லுங்கள். முன்னால் "சார்", "மேடம்" சேர்த்தாலும் தவறில்லை, ஆனால் குரல் தணியக் கூடாது. 1,000 அடியில் சரியாகவில்லை என்றால் "அன்ஸ்டேபிள், கோ-அரவுண்ட்". இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லை என்றால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி, சைடுஸ்டிக்கில் (விமானத்தைத் திருப்பும் பக்கவாட்டுக் குச்சி) இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நீங்களே எடுங்கள். பொத்தானை அழுத்தாமல் குச்சியை மட்டும் இழுத்தால் இருவர் அசைவையும் கணினி கூட்டிக்கொள்ளும். அவர் கீழே தள்ள, நீங்கள் மேலே இழுக்க, விமானம் ஒன்றும் செய்யாமல் போகும். இதை சிமுலேட்டரில் கேட்டு வாங்கி ஒரு முறையாவது செய்து பாருங்கள். பதவியில் மூத்தவர் என்ற தயக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஊறியது. அதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், காக்பிட்டுக்குக் கொண்டுவராதீர்கள். நல்ல கேப்டன் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விமானம் நின்ற பிறகு டெக்லாக், அதாவது அதன் பழுதுப் பதிவேடு. பறவை மோதியதோ, இறக்கம் கடினமாக இருந்ததோ, எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். மெக்கானிக்கிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனால் அடுத்து ஓட்டப் போகிறவருக்கு அது தெரியாது.

திரும்பும் பயணத்துக்கு, வந்த கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னைக்கு மாற்றாகப் பெங்களூரு, திருச்சி என்று ஊர்கள் உண்டு. ஆனால் நவம்பர் மழையில் எல்லாமே ஒரே நேரத்தில் அடைபடக்கூடும். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் 22-இல் கிளம்பும்போது பின்காற்றும் சேரும், அதனால் ஏற்றக்கூடிய எடையும் குறையும். புதுத் தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து போடுங்கள்.