கரிமூட்டப் புகையில் மரக்காடி பிடிப்பது எப்படி

மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி எரித்து மூட்டம் போட்டால் கரி மட்டும்தான் கைக்கு வரும். மரத்தின் எடையில் கால்வாசி தேறினாலே பெரிது. மீதி புகையாகப் போய்விடும். அந்தப் புகையைக் குளிரவைத்தால் சொட்டுவதுதான் செடிகளுக்குத் தெளிக்கும் மரக்காடி. பெரும்பங்கு தண்ணீர், அதில் அசிட்டிக் அமிலம், கொஞ்சம் மெத்தனால், பீனால் வகைகள்.

200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று போதும். பூச்சிமருந்து இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். எண்ணெய் டிரம் என்றால் உள்ளே விறகு போட்டு ஒருமுறை எரித்துப் பெயின்டையும் பிசுக்கையும் போக்கிவிடுங்கள். டிரம்மைப் படுக்கவைத்து, பின்தட்டின் அடியில் 4 அங்குலத் துளையிட்டு, எல்போ (வளைவுக் குழாய்) மாட்டி, ஒரு மீட்டர் உயரத்துக்குப் புகைக்குழாய் நிறுத்துங்கள். துளை மேலே இருந்தால் சூடு மரத்தைத் தொடாமலே ஓடிவிடும். முன்மூடியின் அடியில் ஒரு சாண் சதுரத்துக்கு வாய் வெட்டி, அதன் முன் செங்கல் அடுப்பு வையுங்கள். டிரம்மை மண்ணால் மூடும்போது கரிசலைத் தொடாதீர்கள். காய்ந்ததும் பாளம்பாளமாக வெடிக்கும்; வெடிப்பில் காற்று நுழைந்தால் காலையில் கரிக்குப் பதில் சாம்பல்தான் இருக்கும். செம்மண்ணில் மணல் கலந்து மூடுவதே சரி.

மணிக்கட்டுப் பருமனுள்ள கம்புகளைச் சித்திரை வெயிலில் மூன்று, நான்கு வாரம் காயவிடுங்கள். ஈரக் கம்பு போட்டால் காடி தண்ணீராக நீர்த்துப்போகும். மெல்லியவை அடியில், தடித்தவை மேலே. சூடு மேல்பக்கம்தான் அதிகம்.

அடுப்பில் ஒன்றிரண்டு மணி நேரம் எரித்தால் உள்ளே மரம் பிடித்துக்கொள்ளும். விறகு தள்ளாமலே புகை வேகமாக வரும்போது, வாயைச் செங்கல்லால் அடைத்துச் சிறு சந்து மட்டும் விடுங்கள். முதலில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. மூக்கையும் கண்ணையும் கரிக்கும் மஞ்சள் கலந்த புகைதான் நமக்கு வேண்டியது. குழாய் வாயில் 80 முதல் 150 டிகிரி செல்சியஸ் காட்டும். தெர்மாமீட்டர் இல்லையா? வெள்ளை டைல்ஸ் துண்டைப் புகையில் காட்டுங்கள். தேநீர் நிறத்தில் தெளிவாகத் துளி வழிந்தால் பிடிக்கலாம். கறுத்துப் பிசுபிசுவென ஒட்டினால் அது தார், காடி பிடிப்பதை நிறுத்திவிடுங்கள்.

கணு உடைத்த 4 மீட்டர் மூங்கிலைச் சாய்வாகக் கட்டி, தாழ்ந்த முனையைப் புகைக்குழாய்க்கு ஒரு சாண் மேலே நிறுத்துங்கள். ஒட்டி வைத்தால் இழுவை நின்று தீ அணையும். மூங்கில்மேல் நனைந்த சாக்கு சுற்றுங்கள். தாழ்ந்த முனைக்குச் சற்று முன்னால், அடிப்பக்கம் துளையிட்டு பாட்டில் தொங்கவிட வேண்டும். ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மலிவு என்று வாங்காதீர்கள். அமிலம் அரித்துக் காடி கறுத்துவிடும்.

பிடித்ததைக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கேனில் மூன்று மாதம் அசைக்காமல் நிழலில் வையுங்கள். மேலே எண்ணெய்ப் படலம், அடியில் தார், நடுவில் காடி. நடுவில் இருப்பதை மட்டும் டியூபால் இறக்குங்கள், வாயால் உறிஞ்சாமல். அவசரப்பட்டுத் தெளித்தால் நாசில் அடைக்கும், இலை கருகும். 10 லிட்டர் டேங்குக்கு 20 மில்லியில் தொடங்கி, முதலில் நாலு செடியில் பார்க்கவும்.

புகை நீலமாகி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போனதும் இரண்டு வாயையும் சேறு வைத்து அடைத்துவிடுங்கள். மறுநாள், டிரம் கைக்குச் சில்லிட்ட பிறகே திறக்கலாம். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டதும் கரி பற்றிக்கொள்ளும், உள்ளே தேங்கிய கார்பன் மோனாக்சைடும் முகத்தில் அடிக்கும். தண்ணீர் ஊற்றி ஆற்றவும் வேண்டாம். நனைந்த கரிக்கு வியாபாரி எடையில் கழித்துவிடுவார்.